மேப்பிள் குழை

அவர் தன் வாழ்நாளில் ஒரு பிழையும் செய்ததில்லை. இது நான் சொல்லும் புகழுரை அல்ல. அவரே சொல்வார், அதுவும் யாரும் கேட்காமலே. அவரைச் சுற்றித்தான் பிழைகள் ஓயாமல் நடந்துகொண்டிருந்தன. அவர் காரைப் பின்னுக்கு எடுத்தபோது, நிற்கக் கூடாத இடத்தில் ஒரு தபால்பெட்டி நின்றது. அவர் போட்ட தேத்தண்ணி கசந்தால் கேத்தலில் குற்றம். கார் ஓட்டும் சோதனையில் நான்கு தரம் தவறினார். நான்கு பரிசோதகர்களுக்கும் கார் ஓட்டத் தெரியாது என்பதை அடுத்தடுத்துக் கண்டுபிடித்தார். ஐந்தாவது ஆள் கொஞ்சம் விசயம் தெரிந்தவனாம்.

நான் 1984ஆம் ஆண்டின் கடைசியில், கனடாவில், ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட் பக்கம் இருந்த அவருடைய வீட்டுக்குக் கீழே, நிலத்தடி பேஸ்மென்றுக்கு வாடகைக்கு வந்தேன். எனக்கு இருபத்தேழு வயது. என்னோடு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மூவரும் அவரை அண்ணை என்றே கூப்பிட்டோம். வயதைப் பார்த்தால் அங்கிள் என்றுதான் சொல்லவேண்டும். அப்படிச் சொன்ன ஒருவன், தலைமயிர் நரைப்பதற்குக் காரணம் வயதல்ல, கனடாச் சவர்க்காரம்தான் என்ற விளக்கத்தை அரை மணித்தியாலம் நின்று கேட்க வேண்டிவந்தது. அதற்குப் பிறகு யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை.

அண்ணை எழுபதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டவர். ஒரு தொழிற்சாலையில் சுப்பர்வைசர். நல்ல ஆங்கிலம். ஆகவே ஊரிலிருந்து வந்து இறங்கிய சனத்துக்கெல்லாம் அவர்தான் மொழிபெயர்ப்பாளர். குடிவரவு அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று எங்கே ஒரு தமிழ் ஆள் வாய் திறக்கத் தயங்குகிறாரோ அங்கே அண்ணை நிற்பார். ஒரு சதம் வாங்கமாட்டார். தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருவார். அந்த அளவுக்குத் தங்கமான மனிதர்தான். ஆனால் கேள்வி முடியுமுன்னரே பதில் சொல்லிவிடுவார். எனக்கு வயிற்றுவலி வந்தபோது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எந்தப் பக்கம் நோகிறது என்று டொக்டர் என்னைக் கேட்டார். வலது பக்கம் என்று அண்ணை சொன்னார். டொக்டரும் வலது பக்கத்தை அமத்திப் பார்த்து மருந்து எழுதினார். வெளியே வந்து, "அண்ணை, எனக்கு இடப்பக்கம் எல்லே நோகுது," என்றேன்.

"அப்பிடியெண்டால் நோ இடம் மாறிப்போச்சு," என்றார்.

பக்கத்து வீட்டில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா தனியே இருந்தார். கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் அவரை மிஸிஸ் என்று மட்டும் சொல்வோம். அந்தத் தெருவில் எல்லா வீட்டு முற்றத்திலும் புல். மிஸிஸின் முற்றத்தில் மட்டும் கல். சிறிதும் பெரிதுமாகப் பாறைக் கற்களை ஒரு மேடாக அடுக்கி, இடையில் சரளையை நிரப்பி வைத்திருந்தார். மலையுச்சிகளில் வளரும் செடிகளுக்காகக் கணவனும் மனைவியும் சேர்ந்து கட்டிய கல்தோட்டம் அது. வீடு வாங்கிய புதிதில் அண்ணைக்கு இது தெரியாது. கட்டட வேலைக்காரர் அள்ளாமல் விட்டுப்போன குப்பை என்று நினைத்திருக்கிறார். தனியே இருக்கிற மனுசி பாவம் என்று மனமிரங்கி, குப்பை லொறி வருகிற ஒரு காலையில் மூன்று பெரிய கற்களைத் தன்னந்தனியே உருட்டிக்கொண்டு போய் றோட்டோரம் வைத்துவிட்டார். மிஸிஸ் படுக்கை உடுப்போடு ஓடிவந்தாராம்.

"உவவுக்குக் கல்லை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை. பாக்கிறவன் குப்பை எண்டுதானே நினைப்பான்," என்று சொல்லியபடி மூன்று கல்லையும் திரும்ப உருட்டிக்கொண்டு போனதாக, அவர் மனைவி என்னிடம் சொன்னார். அவரை நாங்கள் அக்கா என்போம். அந்த வருடம் தொடங்கி, பனி கொட்டும் காலையில் அண்ணை முதலில் மிஸிஸின் நடைபாதையை வழித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு வருவார். கல் உருட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று ஒருநாள் கேட்டேன். அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும், அதுதான் காரணம் என்றார்.

அந்தக் கல்மேட்டின் உச்சியில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு செடி இருந்தது. செடி என்று சொன்னால் மற்றச் செடிகள் கோபித்துக்கொள்ளும். ஒற்றை இடியப்பம் அளவில், பச்சையாக, இறுக்கமாக, சரளையோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு சின்ன மெத்தை. தொட்டால் சுணைக்கும். பெயர் ட்ராபா. வருடத்தில் பதினொரு மாதம் அது யாருக்கும் ஒன்றும் செய்யாது. ஏப்ரலில், மற்ற மரஞ்செடிகள் கண் விழிக்குமுன்னரே, வெந்தயத்தைவிடக் கொஞ்சம் பெரிய மஞ்சள் பூக்களால் தன்னை மூடிக்கொள்ளும். மிஸிஸும் கணவரும் மேற்கே மலைகளில் நடந்து திரிந்த காலத்தில் கணவர் பொறுக்கிக்கொண்டு வந்த விதை. அவர் கையால் போட்டு, ஒன்பது வருடம் வளர்ந்தது. எந்தக் குளிருக்கும் சாகாது. அதற்கு ஆகாதவை இரண்டுதான்: ஈரமும் இரக்கமும்.

1985 இலையுதிர்காலத்தில் மிஸிஸுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. அது முடிந்து வன்கூவரில் இருக்கும் மகளிடம் போய்க் குளிர்காலம் கழித்துவிட்டு ஏப்ரல் நடுவில் வருவதாக ஏற்பாடு. புறப்படுமுன் அண்ணையைக் கூப்பிட்டார். நானும் கூடப் போயிருந்தேன்.

"மற்றதெல்லாம் போனாலும் பரவாயில்லை. இது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் போட்டதில் இது ஒன்றுதான் மிச்சம். நான் வரும்போது பூத்திருக்க வேண்டும்," என்றார் மிஸிஸ்.

அண்ணை நெஞ்சில் கையை வைத்து, "யெஸ் மேடம்," என்றார். யெஸ் மேடம் என்பது அவர் எந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கும், கேள்வி எதுவானாலும், உடனடியாகக் கொடுக்கும் விடை.

மிஸிஸ் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதியும் கொடுத்தார். அண்ணை அதை மடித்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்தார். வீட்டுக்கு வந்ததும் நான் வாங்கி வாசித்துப் பார்த்தேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பசளை போட வேண்டாம். மூட வேண்டாம். மேலே இலை விழுந்தால் எடுத்துவிடவும். இவ்வளவுதான். சுருக்கமாகச் சொன்னால், ஒன்றும் செய்யாமல் இருக்க ஒரு ஆள் தேவை. அந்த வேலைக்கு அந்தத் தெருவிலேயே மிகப் பொருத்தமில்லாத ஒருவரை மிஸிஸ் தேடிப் பிடித்திருந்தார்.

"மூட வேண்டாமெண்டு எழுதியிருக்கண்ணை," என்றேன்.

"அது மரியாதைக்கு எழுதினது தம்பி. ஊரில விருந்துக்கு வந்தவன் இலைக்கு மேல கையை விரிச்சுக்கொண்டு போதும் போதும் எண்டுவான். அதுக்காண்டி நாங்கள் சோறு போடாமல் விடுறனாங்களே? எங்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு மனுசி உப்பிடி எழுதியிருக்குது. நாங்கள்தான் விளங்கிக்கொள்ள வேணும்."

 நானே அவர் வீட்டில் போதும் போதும் என்று சொல்லியபடி மூன்றாம் தரம் சோறு வாங்குகிறவன்.

"அதோட, கல்லுக்கு மேல ஒரு சாண் மண்ணில பொயிலை வைச்ச ஆக்கள் நாங்கள். கல்லில பயிர் வைக்கிறதுக்கு எங்களுக்கு ஆர் பாடம் எடுக்கிறது?" என்றார் அண்ணை.

குசினிக்குள் இருந்து அக்காவின் குரல் வந்தது. "பொயிலை வைச்சது இவற்ற தமையன். இவர் அரசாங்கக் கச்சேரியில கிளாக்கர். தோட்டத்துக்குப் போறது வரம்பில நிண்டு பிழை பிடிக்க."

யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்களில் பூவரசங்குழையை இலையும் கொப்புமாக வெட்டி மண்ணுக்குள் புதைத்து உக்க விடுவார்கள். குழை தாழ்த்தல் என்பார்கள். செம்மண்ணுக்கு அது அமுதம். நவம்பரில் எங்கள் தெரு மேப்பிள் மரங்கள் இலை கொட்டத் தொடங்கியதும், தமையனின் வரம்பில் நின்று பார்த்த ஞானம் அண்ணைக்குள் திரண்டு எழுந்தது. இவ்வளவு குழையை வெள்ளைக்காரன் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுகிறானே என்று அவருக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்றில் இருந்த மூன்று பேரையும் வெளியே இழுத்து, தெரு முழுக்கக் கூட்டி அள்ள வைத்தார். செடிக்கு மேல் முதலில் மாட்டெரு. அதற்கு மேல் முழங்கால் உயரத்துக்கு மேப்பிள் குழை. அதை ஓஸ் பைப்பால் நன்றாக நனைத்தார். அதற்கு மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் படங்கை விரித்து நான்கு மூலைக்கும் செங்கல் வைத்தார்.

நான் இலை அள்ளினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். தாளை வாசித்தவன் நான் ஒருவன்தான். ஆனாலும் அள்ளினேன். எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் அவர். எதிர்த்துப் பேசி என்ன கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். ஒரு செடிதானே என்றும் நினைத்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அண்ணை காலையில் பனி வழிக்கும்போது படங்கைக் கையால் தட்டிப் பார்ப்பார். "உள்ளுக்கு நல்ல இதமா இருக்கும்," என்பார். கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வருவார். உண்மையில் சந்தோசமாக இருந்தார். ஒருவர் தன்னை நம்பி ஒன்றை ஒப்படைத்தது அவருக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

ஏப்ரல் முதல் கிழமையில் படங்கைத் தூக்கினோம். முதலில் மணம் வந்தது. இலைகள் அடுக்கடுக்காக ஒட்டி, ஈரத் தோல் போலக் கிடந்தன. அண்ணை முழங்காலில் இருந்து ஒவ்வொரு அடுக்காக உரித்தார். அடியில் அந்தப் பச்சை மெத்தை மண்ணிறமாகக் கிடந்தது. விரலால் தொட்டார். விரல் உள்ளே போனது.

அவரை நான் அறிந்த காலத்தில், அவர் தொடர்ச்சியாகப் பேசாமல் இருந்த மிக நீண்ட நேரம் அதுதான். ஐந்து நிமிடம் இருக்கும். பிறகு எழுந்து கையைத் துடைத்தார். அன்று பின்னேரமே விசாரணை தொடங்கிவிட்டது. முதலில் படங்கு விற்ற கடை மாட்டியது. அடுத்து, இந்த நாட்டு மாடுகள் சோளம் தின்கிறபடியால் எருவில் சூடு கூட என்றார். மூன்றாம் நாள் பத்திரிகையில் உண்மையான குற்றவாளி அகப்பட்டான். அமெரிக்கத் தொழிற்சாலைப் புகையால் கனடாவில் அமில மழை பெய்கிறது என்று அந்த நாட்களில் தினமும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அண்ணை அந்தச் செய்திகளை வெட்டி எடுத்து ஒரு கடித உறைக்குள் சேர்த்தார்.

"அசிட் மழையில ஏரி மீனே சாகுதாம். ஒரு சின்னப் பூண்டு என்ன செய்யும்?" என்றார் என்னிடம். நியாயமான கேள்விதான். அந்த மழை ஒரு படங்கையும் முழங்கால் உயரக் குழையையும் கடந்து எப்படி உள்ளே போனது என்று நான் கேட்கவில்லை.

ஆனால் அக்கா படிக்கட்டில் என்னை மறித்து வேறு ஒன்று சொன்னார். "மூண்டு நாளா மனுசன் சோத்தில கை வைக்கேல்லைத் தம்பி. குளியலறைக்குள்ள போய்ப் பூட்டிக்கொண்டு நிக்குது. என்ன செய்யுதெண்டு தெரியேல்லை."

மிஸிஸ் வந்து இறங்கிய மறுநாள் காலை, அண்ணை கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு பேஸ்மென்றுக்கு வந்தார். கையில் அந்தக் கடித உறை.

"தம்பி, வா. மிஸிஸோட கதைக்க வேணும். நான் தமிழில சொல்லச் சொல்ல நீ இங்கிலிசில சொல்லு."

"நீங்கள்தானே அண்ணை ஊருக்கெல்லாம் இங்கிலிசு கதைக்கிறது?"

"உவ ஸ்கொட்லன்ட் ஆள். உவவின்ர உச்சரிப்பு எனக்குப் பிடிபடாது."

ஐந்து வருடமாக வேலிக்கு மேலால் நாள் தவறாமல் மிஸிஸோடு காலநிலை பேசிய மனிதர் இதைச் சொன்னார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். ஒளிந்துகொள்ள ஒரு ஆள் தேவை, அதற்குத்தான் நான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் போனேன்.

மிஸிஸ் ஏற்கனவே கல்மேட்டுக்கு முன்னால் வந்திருந்தார். ஊன்றுகோலைக் கல்லில் சாய்த்துவிட்டு, புதிய இடுப்போடு, வளையக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்த அளவையும் தாண்டி வளைந்து நின்றார். அவருடைய விரல்கள் அந்த மண்ணிறத்தின் மேல் இருந்தன. அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு தமிழில் தொடங்கினார். அமெரிக்காவின் புகைபோக்கிகள், காற்றுத் திசை, ஏரி மீன்கள், படங்கின் தரம். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு பத்திரிகைத் துண்டை என்னிடம் நீட்டினார். மிஸிஸ் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. என்ன நடந்தது என்று அறிய வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அந்த முகத்தில் இல்லை. அந்த முகத்துக்கு முன்னால் புகைபோக்கி பற்றிப் பேச என்னால் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைப் பொறுக்கியெடுத்துச் சொன்னேன்.

"ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நீங்கள் எழுதினீர்கள். இவர் அதை மரியாதைக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டார். எங்கள் ஊரில் அப்படித்தான். எருப் போட்டு, இலையால் மூடினார். இதைக் கொன்றது தான்தான் என்கிறார். பிழை முழுக்கத் தன்னுடையது என்கிறார். மன்னிப்புக் கேட்கிறார்."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். யார் பேசினாலும் காதில் வாங்கிப் பழக்கமில்லாத மனிதர், என்னையும் கேட்டிருக்கமாட்டார் என்று நினைத்தேன். மிஸிஸ் அவர் பக்கம் திரும்பினார்.

"உண்மையாகவா?"

"யெஸ் மேடம்," என்றார் அண்ணை.

மிஸிஸ் நிமிர்ந்தார். ஊன்றுகோலை எடுத்துத் தரச் சொன்னார். உள்ளே போனார். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. ஆனால் அடுத்த ஆறு மாதம் அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணை மட்டும் வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் தான் ஆதாரத்தோடு அமில மழையை விளங்கப்படுத்தியதையும், மிஸிஸ் வாயடைத்துப் போனதையும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மனிதர் தனக்குத் தெரியாமலே மன்னிப்புக் கேட்டுவிட்டார் என்பது எனக்கு மட்டும் தெரியும். அந்த இரகசியம் எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ தெரியாது.

ஒக்டோபரில் ஒருநாள் நான் வேலையால் வரும்போது மிஸிஸ் தன் வாசலில் இருந்து கூப்பிட்டார். கையில் ஒரு சிறிய கடதாசிப் பை.

"என் கணவர் எடுத்துவந்த விதையில் மிச்சம். பிரிஜ்ஜில் இருந்தது. முளைத்தாலும் முளைக்கும், இல்லாமலும் போகும். என்னால் இனிக் குனிந்து ஒன்றும் செய்ய முடியாது. அவரிடம் கொடு," என்றார். கொஞ்சம் நிறுத்தி, "தன் பிழையைச் சொன்னவர் என்பதற்காகத்தான் கொடுக்கிறேன் என்று சொல்லு," என்றார்.

வீட்டை விற்றுவிட்டு வன்கூவருக்கு வந்துவிடும்படி மகள் நெருக்குவதாகவும் சொன்னார். அவருக்கு எண்பது வயதாகிறது. கணவரின் விதை பூக்கிறதை இன்னொரு முறை பார்த்துவிட்டு வருவதாக மகளுக்குச் சொல்லியிருக்கிறார். பையோடு இந்தமுறையும் ஒரு தாள் இருந்தது.

நான் பையைக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. அண்ணை பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாத்தியே? விசயத்தை வடிவா விளங்கப்படுத்தினால் வெள்ளைக்காரி விளங்கிக்கொள்ளுவா," என்றார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார். "இதை ஒவ்வொரு சொல்லா வாசி. ஒண்டையும் விடாதை."

சரளையும் மணலும் கலந்த சட்டியில் விதையைத் தூவி, குளிர்காலம் முழுவதும் வெளியே பனியில் விட வேண்டும். உறைந்து உருகி, உறைந்து உருகித்தான் அந்த விதைக்கு உயிர் வரும். வேறொன்றும் செய்யக் கூடாது. அண்ணை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். சட்டியை மிஸிஸின் கல்மேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். அன்று தொடங்கியது அவருடைய தவம். பனி கொட்டும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு யன்னலில் நிற்பார். நிற்கிற நிலையைப் பார்த்தால் வெளியே நிற்பது அவருடைய பிள்ளை என்று நினைக்கத் தோன்றும். ஜனவரியில் மூச்சு உறைகிற ஒரு காலை, கழுத்துச் சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். சட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தபோது சால்வை கையில்தான் இருந்தது.

"என்ன, போர்த்துவிடேல்லையோ?" என்றார் அக்கா.

"வேண்டாமெண்டு எழுதியிருக்குதெல்லே," என்றார் அண்ணை.

1987 வசந்தத்தில் குண்டூசித் தலை அளவில் ஐந்து நாற்றுகள் வந்தன. இலையால் செடியை மூடக் கூடாது என்பதைத் தான் ஆதிமுதலே சொல்லி வந்ததாகவும், பேஸ்மென்றில் இருந்த பொடியன்கள்தான் சொல்வழி கேட்காமல் அள்ளிக் கொட்டியதாகவும் அண்ணை ஊருக்கு அறிவித்தார். நான் அதையும் கேட்டுக்கொண்டு இருந்தேன். இரண்டு நாற்று கோடை மழையில் அழுகின. ஒன்றை அணில் கிளறிவிட்டது. அந்த ஒரு விசயத்தில் உண்மையாகவே பிழை அணிலில்தான் இருந்தது. மிச்சம் இரண்டையும் மேட்டின் உச்சியில், பழைய இடத்திலேயே வைத்தார். அடுத்த ஏப்ரலில் அவை பூக்கவில்லை. மிஸிஸ் மகளிடம் இன்னொரு வருடம் கேட்டு வாங்கினார். அண்ணை அந்த வருடம் முழுவதும் தபால்காரனைக் கண்டால்கூட, வீடு விற்கும் கடிதம் ஏதும் பக்கத்து வீட்டுக்குப் போகிறதோ என்று எட்டிப் பார்ப்பார்.

1989 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை அவர் பேஸ்மென்ற் யன்னலில் தட்டினார். நான் வெளியே வந்தபோது அவர் மிஸிஸுக்குக் கதிரை தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். மேட்டின் உச்சியில், ஒரு பொத்தான் அளவு பச்சையில், மூன்று மஞ்சள் பூ. மிஸிஸ் கதிரையில் இருந்து வெகுநேரம் பார்த்தார். கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"என் கணவருடையது இதைவிட நல்ல மஞ்சள்," என்றார்.

"அது வெயிலின் பிழை, மேடம்," என்றார் அண்ணை ஆங்கிலத்தில்.

மிஸிஸ் சிரித்தார். மூன்று வருடத்தில் அவர் அண்ணையைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். பிறகு அண்ணையின் கோட்டுக் கையை ஒருமுறை பிடித்துவிட்டு, இனி மகளுக்குப் போன் எடுக்கலாம் என்று சொல்லி எழுந்து உள்ளே போனார்.

எனக்கும் அது அந்த வீட்டில் கடைசிக் கிழமை. ஊரிலிருந்து மனைவி வந்துவிட்டாள். அஜக்ஸில் ஒரு சின்ன வீடு பார்த்திருந்தோம். மூன்று வருடம் இனித்த இரகசியம், அந்தப் பூவைப் பார்த்த பிறகு இனிக்கவில்லை. சொல்லாமல் போக மனம் வரவில்லை.

"அண்ணை, உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் மிஸிஸிட்டச் சொல்லேல்லை. அசிட் மழையை விட்டிட்டன். பிழை உங்களில எண்டு சொல்லி, நீங்கள் மன்னிப்புக் கேக்கிறியள் எண்டும் சொல்லிப்போட்டன்."

அண்ணை குந்தியிருந்து, பூவுக்குப் பக்கத்தில் கிடந்த சருகு ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பத்து வருசமா இந்தச் சனத்துக்கெல்லாம் நான்தான் இங்கிலிசு கதைக்கிறன். எனக்குக் கதைக்க உன்னைக் கூட்டிக்கொண்டு போனனே, ஏனெண்டு நீ ஒருநாளும் யோசிக்கேல்லையோ?"

நான் யோசிக்கவில்லை. மூன்று வருடமாக அவரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்ததுதான் நான் செய்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அந்தச் சொல்லு எனக்கு வராது தம்பி. மூண்டு நாள் கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பாத்தனான். வரேல்லை. நீ என்னைக் கண்டால் எரியிறவன். நீ உள்ளதைச் சொல்லிப்போடுவாய் எண்டு தெரியும்."

 அவரைத் தூக்கி நிறுத்தக் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் மண்ணைத் தட்டினார்.

"ஆனால் அண்டைக்கு நீ கதைச்ச இங்கிலிசில ரெண்டு பிழை இருந்தது," என்றார்.